விசர் ஊசி போட்டால் கடமை முடிந்ததா?



"நீங்கள் நாய் வளர்க்கிறதில்லையே சேர், உங்களுக்கென்ன?" என்று ஓமந்தையில் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். நாய் எங்கள் வீட்டில் இல்லைதான். அதன் மலம் எல்லோருடைய பிள்ளைகளும் வெறுங்காலோடு ஓடும் மணலில் கிடக்கிறதே!

பாடசாலையில் நாங்கள் பூச்சிக் குளிசை கொடுக்கிறோம். பிள்ளை வீட்டுக்குப் போய் முற்றத்தில் திரும்பவும் புழுவை வாங்குகிறது. 1911இல் பெயரிடப்பட்ட ஒரு கொழுக்கிப்புழுவின் பெயர் 'செய்லானிகம்'. எங்கள் இலங்கையின் பெயர்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. நாயின் குடலில் வாழும் அது மனிதக் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்கும்.

"ஊசி போட்டாச்சு" என்கிறீர்கள். அது விசருக்கு, புழுவைத் தொடாது. குட்டிகள் தாய்ப்பாலிலேயே புழுவை வாங்கிவிடும். இரண்டு கிழமையில் முதல் மருந்து, பால் மறக்கும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைக்குத் தந்த குளிசையை உடைத்துப் போடாதீர்கள். நிறை பார்த்து மிருக வைத்தியர் தரட்டும்.

மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். ஒரு கிழமை கிடந்தால் பாதத்தைத் துளைக்கும் புழு தயாராகிவிடும்.

நாய்க்கு மீன்தலை வாங்கக் காசு இருக்கிறது, குளிசைக்குத்தான் இல்லையாம். பெட்டைக் குட்டிகளைச் சந்தியில் விட்டுப் போகிறவர்களுக்கு இன்னொரு நாள் எழுதுகிறோம்.