ஒற்றைச் சொல் தீர்ப்பாகலாமா?

கருச்சிதைவுக்குப் பின் ஒரு பெண்ணின் கையில் தரப்படும் ஆய்வக அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற சொல் இருந்தால், குடும்பம் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறது. காரணம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல் மற்றவர்களுக்கு. பூனையைக் கொஞ்சியதால் வந்த வினை என்ற பழி அவளுக்கு.

நம் நாட்டில் கருச்சிதைவுக்குப் பின் பரவலாக எழுதித் தரப்படுவது 'டார்ச்' பரிசோதனை. ருபெல்லா, ஹெர்பிஸ் முதலியவற்றுடன் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான தடயத்தையும் அது தேடுகிறது. 1908-இல் கண்டறியப்பட்ட இந்த ஒட்டுண்ணி, பூனையின் குடலில் பெருகி, கழிவின் வழியே மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி வழியாகவும் மனிதரை அடைகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது. ஆனால், கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருச்சிதைவும், சிசுவின் மூளைக்கும் கண்ணுக்கும் பாதிப்பும் நேரலாம்.

'முதன்முறையாக' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இப்பரிசோதனை ஒட்டுண்ணியைக் காண்பதில்லை. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்களையே அளக்கிறது. ஐஜிஜி என்பது வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. அது மட்டும் இருந்தால், பழைய தொற்றின் சுவடு என்றே பொருள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத பெண்ணின் அடுத்த கருவுக்கு அது பொதுவாகக் காவலே. முதலில் தோன்றும் ஐஜிஎம்கூட சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிப்பதால், அண்மைத் தொற்றுக்கு அது உறுதியான சான்றன்று.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 பெண்களில் 10 பேருக்கு மட்டுமே அண்மைத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். பரிசோதனை அந்த 10 பேரையும் கண்டுபிடித்து, எஞ்சிய 990 பேரில் 3 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டினால், அது ஏறத்தாழ 30 பேர். அதாவது, 'பாசிட்டிவ்' எனப்பட்ட நால்வரில் மூவருக்கு அண்மைத் தொற்றே இல்லை!

இந்த ஐயத்தைக் களைய வழி உண்டு. ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதை 'அவிடிட்டி' சோதனை அளக்கிறது. பிணைப்பு வலுவாக இருந்தால், தொற்று ஏறத்தாழ 4 மாதங்களுக்கு முற்பட்டது. பத்தாவது வாரத்தில் கருவை இழந்தவருக்கு உடனே எடுத்த ரத்தத்தில் இம்முடிவு வந்தால், தொற்று அக்கருவுக்கு முந்தையது. பழியை அதன்மேல் போடுவதற்கில்லை.

பிரான்ஸ் 1992-இல், எதிர்ப்பொருள் இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் பரிசோதனையைக் கொண்டுவந்தது. புதிய தொற்றை அது நிகழும்போதே காண்பது அதன் நோக்கம். இழப்புக்குப் பின் ஒருமுறை எடுக்கும் ரத்தம் அவ்வளவைச் சொல்லிவிடாது. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடுவதில் டார்ச் பரிசோதனை உதவாது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி முன்னரே வழிகாட்டியுள்ளது. தொடக்ககாலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை.

தேவையற்ற பரிசோதனையின் விலை ஆய்வகக் கட்டணத்தோடு முடிவதில்லை. வேண்டாத மருந்து, தள்ளிப்போகும் தாய்மை, தீராத குற்றவுணர்வு என அது நீள்கிறது. இப்பரிசோதனையை யாருக்கு, எப்போது செய்வது என்ற தெளிவான நெறிமுறையை அரசு வகுக்க வேண்டும். ஐஜிஎம் 'பாசிட்டிவ்' எனில், உறுதிப்படுத்தும் சோதனையின்றி சிகிச்சையைத் தொடங்கலாகாது. கருவை இழந்தவளுக்கு நாம் தர வேண்டியது சரியான விளக்கமே. அரைகுறைச் சான்றின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).