எந்தக் குண்டானாலும்

2017 மே 2 அன்று நம் ஏர்சாஃப்ட் விளையாட்டுக்குப் பிரிட்டன் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் கிடைத்தது. 2017-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சட்டம், தன் 125-ஆம் பிரிவின் வழியாக 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் 57ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஏர்சாஃப்ட் துப்பாக்கி எது என்பதை வரையறுத்துவிட்டது. ஒரு ஜூலுக்கு மேல் போகும் குழல் ஆயுதம் எதுவும் உயிருக்கு ஆபத்தானது என்று சொல்லும் அதே திருத்தம் நமக்கு மட்டும் விலக்கு தருகிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடக்கூடியவற்றுக்கு 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல் என்பது எல்லை. சட்ட ஆணையம் 2015 டிசம்பரில் செய்த பரிந்துரை ஒன்றரை ஆண்டுக்குள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இந்த இதழ் மனமார நன்றி சொல்கிறது. விளையாட்டுப் பொருளா, ஆயுதமா என்று ஒவ்வொரு அதிகாரியும் தன் போக்கில் முடிவெடுத்த காலம் முடிந்தது.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 வன்குற்றக் குறைப்புச் சட்டம் விளையாடுபவர்களுக்குத் தரும் காப்பும், அதற்கான யுகாரா பதிவும், இருநிறத் துப்பாக்கி விதியும் அப்படியே தொடர்கின்றன. மின்துப்பாக்கிகளை 0.20 கிராம் குண்டில் 350 எஃப்பிஎஸ்ஸில் (வினாடிக்கு 350 அடியில்) நிறுத்தும் மைதானங்கள் 1.14 ஜூலில் இருக்கின்றன. அவற்றுக்குக் கவலை இல்லை. தொலைதூரச் செமி ரைபிளான டிஎம்ஆர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலக்டரைத் திருப்பினால் ஆட்டோ வரும் என்ற நிலையில் இருக்கும் துப்பாக்கி, நீங்கள் செமியில் மட்டும் சுட்டாலும், 1.3 ஜூல் வகையைச் சேர்ந்ததே. செமியில் மட்டும் சுடும்படி கியர்பாக்ஸுக்குள் நிரந்தரமாகப் பூட்டுங்கள், அல்லது ஸ்பிரிங்கைக் குறையுங்கள்.

இனி போல்ட் ஆக்‌ஷனுக்கு வருவோம். பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதிவந்த கவலையை 57ஏ பிரிவின் ஒரு சொற்றொடர் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அந்தத் துப்பாக்கியால் எந்த வகைக் குண்டையும் 2.5 ஜூலுக்கு மேல் செலுத்த முடியக்கூடாது என்கிறது பிரிவு. பெட்டிமேல் அச்சிட்ட குண்டு, வேகத்தை அளக்கும் க்ரோனோ மேசையில் கொடுக்கப்படும் 0.20 கிராம் குண்டு என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. எந்தக் குண்டானாலும் என்பதே அதன் பொருள்.

‘500 எஃப்பிஎஸ்’ என்ற எண்ணைச் சொல்லியே நம் தொழில் ஸ்னைப்பர் ரைபிள்களை விற்றுவந்திருக்கிறது. 0.20 கிராம் குண்டில் 500 எஃப்பிஎஸ் என்றால் 2.32 ஜூல். கணக்கு சரி, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஸ்னைப்பர் ரைபிளில் 0.20 போட்டு விளையாடுபவர் யார்? 0.40, 0.43, 0.48 என்று போடுகிறோம். காற்றுக்கு வளையாத கனமான குண்டு இல்லாமல் 60 மீட்டரில் ஒரு தலையளவு இலக்கை நம்பிச் சுட முடியாது. கனமான குண்டு போடும்போது ஜூல் மாறாது, வேகம் மட்டும் குறையும் என்று கடைக்காரரும் நம்புகிறார், மைதான மார்ஷலும் நம்புகிறார். நடப்பது வேறு. விஎஸ்ஆர்-10 வகை ரைபிளின் சிலிண்டர் பெரியது, அதோடு ஒப்பிட்டால் பேரல் சிறியது. இலேசான குண்டு பிஸ்டன் தன் பயணத்தை முடிக்கும் முன்பே வாயைத் தாண்டிவிடுகிறது. மிச்சக் காற்று வீணாகிறது. கனமான குண்டு பேரலுக்குள் அதிக நேரம் நின்று, அந்த மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. நாம் ஜூல் க்ரீப் என்று அழைப்பது இதைத்தான். 430 மில்லிமீட்டர் பேரலை எடுத்துவிட்டு அதன் குட்டை வடிவமான ஜி-ஸ்பெக் போல 303 மில்லிமீட்டர் போட்டால் இந்த வேறுபாடு கூடும். கேஸ் ரைபிள்களில் இன்னும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்தில் க்ரோனோ மேசைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தன் முதல் ரைபிளைக் கொண்டுவந்தார். பல மாதம் பணம் சேர்த்து வாங்கியது. மேசையில் இருந்த 0.20 குண்டில் 498 காட்டியது. பச்சை டேக் கட்டி, 30 மீட்டர் குறைந்தபட்சத் தூரத்தை நினைவூட்டி அனுப்பினேன். மதியத்துக்குள் அந்த இளைஞர் சுட்ட குண்டு பட்டு ஒருவர் விரல் முட்டியில் இரத்தத்தோடு மேசைக்கு வந்தார். தூரம் 30 மீட்டருக்கு மேல்தான். இளைஞர் விதியை மீறவில்லை. அவருடைய மேகஸினில் இருந்த 0.43 குண்டையே எடுத்து மறுபடி அளந்தேன். 368 எஃப்பிஎஸ், அதாவது 2.7 ஜூல். டேக் கட்டிய கை என்னுடையது. அந்த இளைஞர் என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்கதானே பாஸ் பண்ணீங்க?” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று அது மைதான விதி சார்ந்த தவறாக மட்டும் இருந்தது. மே 2-க்குப் பிறகு அப்படி இல்லை. 2.5-ஐத் தாண்டிய போல்ட் ஆக்‌ஷன் 57ஏ-யின் விலக்கை இழந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் ரைபிளாகிவிடுகிறது. 12 அடி-பவுண்டுக்குள் இருப்பதால் சான்றிதழ் வேண்டியதில்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஏர் ரைபிளை வணிகமாக விற்பவர் பதிவுபெற்ற துப்பாக்கி வியாபாரியாக இருக்க வேண்டும், நேருக்கு நேர் கையில் கொடுக்க வேண்டும். நம் கடைகளில் எத்தனை பேரிடம் அந்தப் பதிவு இருக்கிறது? ஸ்காட்லாந்தில் நிலைமை இன்னும் கடுமை. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே சான்றிதழ் இல்லாமல் ஏர் ரைபிள் வைத்திருப்பதே குற்றம். கார்லைலில் காலையில் விளையாடிவிட்டு எல்லை தாண்டி வீடு திரும்பும் ஒருவர், 0.20-இல் ‘சரி’ என்று டேக் கட்டப்பட்ட ரைபிளோடு குற்றவாளியாகலாம். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

இவ்வளவு கடுமையான கோட்டைக் கிழித்தவர்கள் அதை எப்படி அளப்பது என்று பிரிவில் எழுதவில்லை. எந்த எடைக் குண்டு, எத்தனை சுடுதல், குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப் எந்த நிலையில், எந்த வெப்பநிலையில், வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் என்று எதுவும் இல்லை. ஜனவரிக் குளிரில் 2.4 காட்டும் கேஸ் ரைபிள் ஜூலை வெயிலில் எங்கே போய் நிற்கும் என்பது இந்த இதழின் வாசகர் ஒவ்வொருவருக்கும் தெரியும். காய்கறிக் கடைக்காரரின் தராசுக்கு முத்திரை வேண்டும் என்று வற்புறுத்தும் அரசு, ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடிய அளவுக்குத் தராசே தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் விளையாட்டை விட்டுவிட்டு ஊதியமில்லாமல் மேசையில் நிற்கும் தன்னார்வலரிடம், சில பவுண்டுகளுக்கு வாங்கிய க்ரோனோ ஒன்றை மட்டும் நம்பிச் சட்டத்தின் எல்லையைக் காக்கச் சொல்கிறார்கள்.

அளக்கும் முறையை எழுதுவது நடக்காத காரியம் அல்ல. ஜப்பான் 2006-இல் தன் வாள்-துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தியபோது, சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் (நம் குண்டுக்குச் சுமார் ஒரு ஜூல்) என்ற எல்லையோடு நிற்கவில்லை. வாயிலிருந்து 0.75 மீட்டரிலும் 1.25 மீட்டரிலும், 20 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள் அளக்க வேண்டும் என்று விதியில் எழுதியது. அங்கே தயாரிப்பாளருக்கும் விளையாடுபவருக்கும் காவலருக்கும் ஒரே முறைதான் எதிரே இருக்கிறது. 57ஏ வந்தபோதே பத்தாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த முன்மாதிரி அது. அதைப் படித்திருந்தால் ஓர் அட்டவணையில் பத்து வரி சேர்த்திருக்கலாம். விலக்கு தந்ததற்கு நன்றி சொன்ன அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: அளவுகோல் இல்லாத எல்லை நேர்மையானவரைத்தான் முதலில் சிக்கவைக்கும். எல்லையை மீற நினைப்பவர் எப்படியும் மீறிக்கொண்டிருப்பார்.

அரசு எழுதும்வரை நாம் காத்திருக்க முடியாது. புதிதாக வருபவரின் முதல் ரைபிளை அமைத்துத் தருபவர்கள் நாம்தான். அந்த வேலையில் நம் பழக்கம் மாற வேண்டும்.

வாங்குபவரிடம் முதலில் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசாதீர்கள், ஹாப் பற்றிப் பேசுங்கள். டோக்கியோ மாருயியின் விஎஸ்ஆர்-10 ஒரு ஜூலுக்குள் பிறந்த ரைபிள். அந்தச் சக்தியிலேயே அது துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது என்றால், துல்லியம் ஸ்பிரிங்கிலிருந்து வருவதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புதியவரின் பணம் முதலில் நல்ல குண்டுக்குப் போக வேண்டும்: 5.95 மில்லிமீட்டர் விட்டம் மாறாத, பாலிஷ் ஒரே மாதிரி இருக்கும் ஒரே தயாரிப்பு, ஒரே எடை. அடுத்து ஹாப் ரப்பரும், அதை அழுத்தும் நப்பும். குண்டின் உச்சியை நேர் நடுவில் தொடாத ஹாப் எவ்வளவு விலையுயர்ந்த பேரலையும் வீணாக்கிவிடும்; ஒவ்வொரு குண்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைந்தால் ஸ்கோப்பைத் திருகாதீர்கள், சேம்பரைப் பிரியுங்கள். மூன்றாவது காற்றுக்கசிவு: பிஸ்டன் ஓ-ரிங், சிலிண்டர் ஹெட், நாஸில் ஹாப் ரப்பருக்குள் அமரும் இடம். சுடுதலுக்குச் சுடுதல் வேகம் மாறினால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். பேரலை மாற்றும் ஆசை வந்தால் முதலில் இருக்கும் பேரலைத் துணி சுற்றித் துடைத்துப் பாருங்கள்.

ஸ்பிரிங் கடைசியில் வரட்டும். அதை மாற்றும் நாளில் ட்ரிக்கரையும் சேர்த்து மாற்றுங்கள். தொழிற்சாலை 45 டிகிரி பிஸ்டனும் மென்மையான சியரும் கனமான ஸ்பிரிங்கின் இழுப்பைத் தாங்காமல் தேயும். தேய்ந்த சியர் போல்ட்டை மூடும்போதே சுட்டுவிடும். 90 டிகிரி அமைப்பு இல்லாமல் கனமான ஸ்பிரிங் போட்டுக் கொடுக்கும் கடை, புதியவரின் கையில் ஆபத்தைக் கொடுக்கிறது.

எவ்வளவு சக்தி என்று கேட்பார்கள். 2.1 ஜூல் என்று சொல்லுங்கள். அதுவும் அவர் போடப்போகும் குண்டில், ஹாப் அந்தக் குண்டுக்கு அமைக்கப்பட்ட நிலையில் அளந்த 2.1. 0.43 குண்டில் 2.5 ஜூல் என்பது 354 எஃப்பிஎஸ், 2.1 என்பது 324. சக்தியில் ஆறில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாலும் வேகத்தில் போவது சுமார் எட்டு சதவீதம்தான், ஏனென்றால் வேகம் சக்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த எட்டு சதவீதத்தை நல்ல ஹாப் திருப்பித் தரும். மிஞ்சும் 0.4 ஜூல், வெயிலுக்கும், கனமான குண்டுக்கும், தவறான க்ரோனோவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. சட்டம் தராத இடைவெளியை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘500 எஃப்பிஎஸ்’ ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். நீங்கள் விற்கும் குண்டுகளிலேயே மிகக் கனமானதைப் போட்டு அளந்து, ஜூலை மட்டும் எழுதுங்கள். எந்த எடையில் அளந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மைதான நடத்துநர்களுக்கும் அதேதான். மேசையில் 0.20 டப்பாவை வைத்து அனைவரையும் அதில் சுடச் சொல்வது நியாயமானதுபோலத் தோன்றும். ஸ்னைப்பர் ரைபிள் விஷயத்தில் அது பொய்யான நியாயம். அவர் மேகஸினிலிருந்தே குண்டை எடுங்கள், எடையைக் கேளுங்கள், ஜூலைப் பாருங்கள், டேக்கில் எடையையும் எழுதுங்கள். நடுப்பகலில் வேறு எடை போட்டால் மறுபடி மேசைக்கு வர வேண்டும் என்று காலை விளக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த இளைஞரின் ரைபிளை அன்று மாலையே பிரித்தோம். இலேசான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, நப்பைச் சரிசெய்து, அவருடைய 0.43 குண்டில் அளந்தபோது 2.1-க்குச் சற்றுக் கீழே நின்றது. 50 மீட்டரில் கட்டிய தட்டில் காலையில் பத்துக்கு நான்கு பட்டது. மாலையில் ஏழு பட்டது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் சரியாக அமைந்த ஒரு ஹாப். அதைக் காலையிலேயே என் மேசையில் ஒருவர் சொல்லியிருந்தால், இன்னொருவரின் விரல் முட்டியில் தழும்பு இருந்திருக்காது.

வரும் ஞாயிறு உங்கள் மேசைக்கும் ஒரு புதியவர் முதல் ரைபிளோடு வருவார். டேக்கைக் கட்டும் முன், மேகஸினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.