இரண்டாற்றின் நடுவே விலைநீர்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி. அவ்விரண்டும் அணைத்து நிற்கும் தீவே திருவரங்கம். இருபுறமும் ஆறு சூழ்ந்த அவ்வூரில், அரங்கனை வணங்க வருகின்ற அடியாரும், அங்கேயே பிறந்து வளர்ந்த குடியினரும் நெகிழிப் புட்டிலில் அடைத்த நீரை விலைகொடுத்து வாங்குகின்றனர். கோடைதோறும் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த இனம், இன்று ஆற்றங்கரையில் நின்றுகொண்டு நீருக்குக் காசு எண்ணுகின்றது. இதனை இழிவென்று உணர்வார் எத்தனை பேர்?

காவிரியில் தமிழர்க்குள்ள உரிமை குறைக்கப்பட்டது உண்மை. கருநாடகம் தரவேண்டுமென 2007-இல் நடுவர் மன்றம் வரையறுத்த 192 டி.எம்.சி. நீரை, 2018 பிப்பிரவரி 16-ஆம் நாள் இந்திய உச்ச நயன்மன்றம் 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீர்க்கு. எஞ்சிய பத்தும் எக்கணக்கில் போயின? தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் உண்டென்னும் கணக்கில்! மேலிருந்து வரும் நீரைக் குறைத்தற்கு நம் காலடியில் கிடக்கும் நீரே சான்றாக்கப்பட்டது. இத்தீர்ப்பைக் கண்டித்தல் நம் கடமை. ஆயின், கண்டிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அந்நிலத்தடி நீரையேனும் நாம் காத்தோமா?

திருச்சிராப்பள்ளி மாநகர் குடிப்பது, காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கிய கிணறுகளின் நீரையே. திருச்சிக்கு அருகே எடுக்கும் காவிரி நீர்தான் குழாய்வழி இராமநாதபுர மாவட்டம் வரை செல்கின்றது. அக்கிணறுகட்கு நீரூட்டுவது எது? மணல். வெள்ளக்காலத்து நீரை உறிஞ்சி வைப்பதும் மணல்; வேனிலில் அதனை ஊற்றாகக் கசிய விடுவதும் மணல்; இடையில் அழுக்கை வடித்துத் தெளிய வைப்பதும் மணல். எந்தப் பொறியும் வேண்டாது இயற்கை அமைத்துத் தந்த வடிகலம் அது. அம்மணலைத்தான் வண்டி வண்டியாக அள்ளி விற்றனர். 2003 முதல் மணற்குழிகளை அரசே ஏற்று நடத்தியது. ஆற்றின் காவலனே ஆற்றை விற்கும் வணிகனானான்!

எஞ்சிய மணலிலும் கழிவுநீரைக் கலக்கின்றோம். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் நகருக்குள் நுழைந்ததும் சாக்கடையைச் சுமக்கின்றது. சோழர் தலைநகராய் விளங்கிய உறையூரில் 2025 ஏப்பிரல் திங்களில் மக்கள் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணமென அவர்கள் குமுற, மாநகராட்சி அதனை மறுத்தது. மறுப்பு யாருடைய விடாயையும் தணிக்காது. குழாய்நீரின்மேல் மக்களுக்கு நம்பிக்கை அற்றுப்போனால், அந்த இடத்தில் புட்டில்நீர் வணிகன் வந்து அமர்கின்றான். கையில் காசுள்ளவன் தப்புகின்றான். கூலிக்காரன் குழாயடியிலேயே நிற்கின்றான்.

நீரில் கலந்த நஞ்சுகளுள் கொடியது சாதி. திருச்சியை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேனிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 திசம்பரில் தெரியவந்தது. குற்றம் எவர்மேல் சார்ந்தாலும் அது தமிழினம் முழுமைக்கும் நேர்ந்த இழிவே. ஊர்க் கிணற்றில் ஒரு சாராரை இறங்க விடாத இனம், அண்டை மாநிலத்தானிடம் நீர்ப்பங்கு கேட்கையில் அதன் குரல் எங்ஙனம் ஓங்கும்?

2010 சூலை 28-இல் ஒன்றிய நாடுகள் பேரவை, தூய குடிநீர் மாந்தர்தம் உரிமையென அறிவித்தது. 122 நாடுகள் ஒப்பின. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. ஒப்பியும் பயனென்ன? 2018-இல் கோவை மாநகரின் குடிநீர் வழங்கற் பணி சூயசு என்னும் பிரெஞ்சு நிறுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தென்னமெரிக்காவின் பொலிவிய நாட்டுக் கொச்சபம்பா நகர மக்களோ, 2000-இல் தம் நீரைத் தனியார்க்குத் தந்த உடன்படிக்கையை வீதியில் இறங்கிப் போராடி நீக்குவித்தனர். அவர்களும் நம்மைப் போன்ற ஏழை மக்களே. நீர் பொதுவென்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது, அதுவே வென்றது.

வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்த வள்ளுவர் பிறந்த இனத்துக்கு இத்தெளிவைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. குடிநீர்க் கிணறுகள் உள்ள ஆற்றுப் படுகையில் ஒரு கூடை மணலும் அள்ளலாகாது. தூய்மை செய்யாத கழிவுநீர் ஒரு துளியும் காவிரியிலோ உய்யக்கொண்டானிலோ விழலாகாது. தெருதோறும், ஊரென்றும் சேரியென்றும் பாராது, விலையின்றித் தூயநீர் வரல் வேண்டும்.

தமிழர்களே! மேலணையைத் திறக்கச் சொல்லிப் போராடுங்கள். அது நம் உரிமை. அதே வேகத்தோடு, உங்கள் ஊர் மணலைக் காக்கவும், உங்கள் தெருக் குழாயைத் தூய்மையாக்கவும் எழுங்கள். காக்கத் தெரியாதவன் கையில் கிடைத்த நீரும் கடலுக்கோ கடைக்கோதான் போகும்!