எது பாலைவனம்?

(மங்கலம் மாணவன், இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

"மணலப் பாக்கறதுக்கா கண்ணு அத்தனை தூரம் போறே?" என்று கேட்டார் அப்பா. தறி ஓட்டுகிறவர், எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பஸ் கட்டணத்துக்காக ஒரு வாரம் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்திருந்தேன். "போய்ட்டு வந்து சொல்றேனுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு. நண்பர்கள் நால்வருடன் திருச்செந்தூர் சென்று, காயாமொழி வழியாகக் குதிரைமொழித் தேரியை அடைந்தோம். கண்ணுக்கு எட்டியவரை செம்மணல் மேடுகள். மணலுக்கு அந்த நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. தென்மேற்குக் காற்று மேடுகளை நகர்த்துகிறது. பனையும் முந்திரியும் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் ஆகிய இருவரும் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். கற்கால மனிதனும் இங்கே வாழ்ந்திருக்கிறான்!

ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தையே பாலைவனம் என்கிறது பாடநூல். தேரியில் அதைவிட அதிகம் பெய்கிறது. பெய்த நீர் மணலுக்குள் இறங்கி, பள்ளத்தில் சுனையாக ஊறுகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் என்று அங்கே ஒரு சாமிக்குப் பெயரே இருக்கிறது. பாலைவனம் என்று நாம் அழைக்கும் தேரி, தண்ணீரைக் காத்து வைத்திருக்கிறது.

நம் ஊர் எப்படி? மங்கலத்தை ஒட்டி நொய்யல் ஓடுகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும்; அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவு நீரோடு போய்விடுகிறது. 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. அதன்பின் சுத்திகரிப்பு முறைகள் வந்தன; ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு ஓர் உத்தரவில் மறைந்துவிடுமா? எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்று நீரில் இன்றும் பருப்பு வேகாது.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று தமிழாசிரியர் வகுப்பில் சொன்னார். மருதமும் அப்படித் திரியும் என்பதை நான் தேரியில் நின்றுதான் உணர்ந்தேன்.

தொழிலைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அம்மா பிசிறு வெட்டிய கூலியில்தான் நான் படிக்கிறேன். அந்தக் கூலியும் வேண்டும், கிணறும் வேண்டும் என்பதே என் கட்சி.

நண்பர்களே, கல்விச் சுற்றுலா என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் மட்டும்தானா? பணம் கட்ட முடியாதவர்கள் பின்வாங்கிவிடுகிறோம். வரும் மார்கழியில் மங்கலம் முதல் ஒரத்துப்பாளையம் வரை கிணறு கிணறாகப் போவோம். டவுன் பஸ் கட்டணம் போதும். நீரை எடுத்து வந்து நம் ஆய்வகத்திலேயே உப்பை அளந்து, ஆண்டுதோறும் இம்மலரில் வெளியிடுவோம்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம கெணத்துல இருந்து ஆரம்பி" என்றார்.