நாடி பார்ப்போர் போதாது. நாட்டைப் பார்ப்போர் வேண்டும்!

"ஏன் இறந்தது குழந்தை?" என்று கேட்டால், "தலையெழுத்து" என்கிறான் பழமைக்குத் தாசனானவன். "கிருமி" என்கிறார் மருத்துவர். முன்னவன் நெற்றியைக் காட்டுகிறான். பின்னவர் நுண்ணோக்கியைக் காட்டுகிறார். முன்னவனை மறுக்கிறோம், பின்னவரை மதிக்கிறோம். ஆயினும் இருவருமே விடை கூறாத கேள்வியொன்று எஞ்சி நிற்கிறது. மாடி வீட்டுப் பக்கம் எட்டியும் பாராத அந்தக் கிருமி, ஓலைக் குடிசைக்கு மட்டும் வழி தப்பாமல் வந்து சேருகிறதே, அது எப்படி? முகவரி எழுதிக் கொடுத்தவர் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு கல்வி இருக்கிறது, நண்பர்களே! மக்கள் நலவாழ்வியல் என்று அதனைக் கூறலாம். மருத்துவர் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்; இக்கல்வி பயின்றவர் ஓர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். யார் பிறந்தார், யார் பிழைத்தார், யார் எந்த வயதில் எதனால் மடிந்தார் என்று எண்ணுகிறார். எண்ணியதைச் சாதி வாரியாக, பால் வாரியாக, கூலி வாரியாக, குடிநீர் வாரியாகப் பிரிக்கிறார். பிரித்த மாத்திரத்தில், விதி என்று வேடம் கட்டி ஆடியது வேடம் கலைந்து நிற்கிறது. பட்டம் பெற்றபின் ஈராண்டு பயிலும் முதுநிலைப் படிப்பாக இது இந்நாட்டில் நடந்து வருகிறது. மேடையில் மூடநம்பிக்கையைச் சாடும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் இப்படிப்பின் பெயரையாவது கேட்டிருக்கின்றனர்?

அரியலூரில் வாழ்கிறோம், அரியலூரையே எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். "ஆகா, பெண்ணினம் தழைத்தோங்கும் மாவட்டம்!" என்று மேடையேறி முழங்கலாம், மாலையும் பெறலாம். ஆனால் அதே கணக்கேட்டில் இன்னொரு வரி இருக்கிறது. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 43,582. பெண் குழந்தைகள் 39,102. அதாவது ஆயிரத்துக்கு 897! நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நூற்றைந்து ஆண் குழந்தைகள் பிறப்பது இயற்கையின் நடைமுறை. அந்தக் கணக்கில் பார்த்தாலும், ஆயிரத்துக்கு 950 சிறுமியராவது இருந்திருக்க வேண்டும். பெருக்கிக் கழித்துப் பாருங்கள்: இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியரைக் காணோம்.

எந்தக் கிருமி தின்றது அவர்களை? காலராவுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை தெரியுமா? கொசு கடிக்கும் முன் பால் பார்த்தா கடிக்கிறது? பிறகு மொத்தக் கணக்கில் மட்டும் பெண்கள் மிகுந்தது எப்படி? பிழைப்புத் தேடி ஆண்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். பெண்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஊரில் இருக்கும் அன்னையரின் எண்ணிக்கை, ஊரில் இல்லாத குழந்தைகளை மூடி மறைத்துவிட்டது. மொத்தமாக எண்ணினால் பெருமை; பிரித்து எண்ணினால் படுகொலை. இந்தப் பிரித்து எண்ணும் வித்தையைத்தான் அக்கல்வி கற்பிக்கிறது.

அந்த 39,102 பேரில் பலர் பின்னர் நம் பள்ளி வகுப்புகளில் வந்தமர்ந்தார்கள். அவர்கள் பெயரை நாம் காலைதோறும் படித்தோம். "உள்ளேன் ஐயா" என்றார்கள். வராத இரண்டாயிரம் பேருக்கு வருகைப் பதிவேடு ஏது?

காரணம் தேடிக் காடு மேடு அலைய வேண்டியதில்லை. கொள்ளி வைக்க மகன் வேண்டுமாம். 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்ற மகன் வேண்டுமாம். மகள் பிறந்தால் நகையும் சீரும் நிலத்தை விழுங்கிவிடுமாம்! நரகத்தை நம்பும் மூளைக்கு அறிவியல் ஒரு கருவியைச் செய்து கொடுத்தது. கருவிலிருப்பது ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கருவி. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு பார்த்துச் சொல்வதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்து பதினேழு ஆண்டு கழித்து எடுத்த கணக்குத்தான் மேலே கண்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 கணக்கு வெளியானபின் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நீட்டிக்கப்பட்டது. தொட்டிலைக் குறை கூறோம். ஒரு குழந்தை பிழைத்தாலும் அது நன்றே. ஆனால் பிறந்த குழந்தையைத்தானே தொட்டில் ஏந்தும்? இதற்குப் பின்னர் நிலை திருந்தியதா, இல்லையா என்று பார்க்க அடுத்த கணக்கெடுப்பு வேண்டுமல்லவா? 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் எடுக்கப்படவே இல்லை. எண்ணாமல் இருப்பதும் ஓர் அரசியலே!

இப்படி நோயின் வேரைச் சமூகத்தில் தேடுவது நாம் புதிதாகக் கண்ட வழி அன்று. 1848ஆம் ஆண்டில் மேல் சைலீசியாவில் டைபசு காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. பிரசிய அரசு ஒரு மருத்துவரை அனுப்பிற்று: ருடால்ஃப் விர்கோ. வயது இருபத்தாறு! திரும்பி வந்தவர் எழுதிய மருந்துச் சீட்டு என்ன தெரியுமா? முழு மக்களாட்சி வேண்டும்; கல்வி வேண்டும்; மதம் அரசிலிருந்து விலக வேண்டும்; ஏழைமீது ஏற்றிய வரிச்சுமை செல்வர்மீது மாற வேண்டும்; போலிய மொழி பேசும் அம்மக்களுக்கு அவர்கள் மொழியே ஆட்சிமொழியாக வேண்டும். காய்ச்சலுக்கு மொழியுரிமையா மருந்து என்று அன்றும் சிரித்திருப்பார்கள். சிரித்தவர் பெயரை யார் நினைக்கிறார்?

அயல்நாட்டுச் சான்று எதற்கு என்பீர்களாயின், நம் அண்டை மாநிலத்துக்கு வாருங்கள். "பட்டிக்காட்டான் அறிவிலி, நோய் வந்தாலும் மருத்துவமனைக்கு வரமாட்டான், பூசாரியிடம் போவான்" என்பது படித்தவர் பலரின் முடிந்த முடிபு. நாமும் மூடநம்பிக்கையைச் சாடுகிற வேகத்தில் சில வேளை இந்த முடிவுக்குத் தலையாட்டிவிடுகிறோம். பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்து ஆய்வு செய்த பானர்ஜியும் ஆண்டர்சனும் இதனை அப்படியே நம்பிவிடவில்லை. தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில், ஊடுகதிர்ப் படத்தால் காசநோயென்று தெரிந்தவர்களின் வீடு தேடிச் சென்றார்கள். "உங்களுக்கு என்ன துன்பம்? என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். 1963இல் வெளிவந்த அவ்வாய்வு எடுத்துரைத்த உண்மை என்ன? பெரும்பாலோர் தம் நோயை உணர்ந்தே இருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவ நிலையத்துக்கு நடந்து சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து! நோயாளி வந்தான், நிலையம்தான் அவனைக் கண்டுகொள்ளவில்லை. குற்றம் கூண்டு மாறி நின்றது. எளியவனைப் பழிப்பதற்கு முன் எளியவனைக் கேள் என்பதை ஆய்வு முறையாகவே ஆக்கியது இக்கல்வி. அதே பானர்ஜிதான் பின்னர்ப் புதுதில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இக்கல்விக்கென ஒரு மையத்தைக் கட்டி வளர்த்தவர்.

மருந்தின் பெருமையை நாம் குறைத்தோம் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், குடிசையில் இருந்தபடியே மருந்துண்ட ஏழை நோயாளியும், மருத்துவ விடுதியில் நல்லுணவும் ஓய்வும் பெற்ற நோயாளியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நலமடைந்தனர் என்று 1959இல் எடுத்துக் காட்டிற்று. மருந்தும் நமக்கு வேண்டும். அந்த மருந்து யார் வாயிலுக்கு வருகிறது, யார் வாயிலைத் தாண்டிச் செல்கிறது என்று பார்க்கும் கண்ணும் வேண்டும்.

"அதெல்லாம் மருத்துவரின் வேலை, வரலாறும் பொருளியலும் தமிழும் படித்த கலைப் பட்டதாரிக்கு இங்கென்ன வேலை?" என்று ஒரு குரல் எழும். இந்தக் குரலை முன்பே கேட்டிருக்கிறோம் அல்லவா? "வேதம் உனக்கு எதற்கு?" என்று கேட்ட அதே தொண்டை! மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூக நோய்ப்பரவலியல் என்றே முதுநிலைப் படிப்பு நடக்கிறது; கலைப் பட்டதாரிக்கும் அங்கே வாயில் உண்டு. திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொது நலவாழ்வில் முதுநிலைப் பட்டம் அளித்து வருகிறது. சென்னையிலும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. சில இடங்களில் மருத்துவப் பட்டமோ துறைப் பணியோ கேட்கிறார்கள். அந்தத் தடையைப் பற்றியும் பேச வேண்டியவர்களே நாம். சாதியைப் பற்றி, நிலவுடைமையைப் பற்றி, பெண்ணடிமையைப் பற்றிப் படித்தவன், பிணக்கணக்கைப் பார்க்கும்போது காணக்கூடியதை, உடற்கூறு மட்டும் படித்தவர் காண்பாரா?

மருத்துவராக முடியாதவர்க்கு ஆறுதல் பரிசாக இதை நீட்டுகிறோம் என்று எண்ணற்க. இந்த மாவட்டத்துக் குழுமூரில் பிறந்த அனிதாவை மறந்து எழுதும் பேனா நம்மிடம் இல்லை. 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் நீட் தேர்வு குறுக்கே நின்றது; உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடிய அச்செல்வத்தை 2017 செப்டம்பர் 1ஆம் நாள் இழந்தோம். 2022 சனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்குக்கு அனிதா பெயர் சூட்டப்படும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் போர் வேறு, அது தொடரும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: நீட் தேர்வு யாரை வாயிலிலேயே நிறுத்துகிறது என்று நமக்குச் சான்று தந்தது எது? நீதியரசர் ஏ.கே.இராசன் குழு 2021இல் அளித்த அறிக்கை. தமிழ்வழி மாணவர் எத்தனை பேர் முன்பு நுழைந்தனர், பின்பு எத்தனை பேர் நுழைந்தனர் என்று எண்ணி வைத்த அறிக்கை. முழக்கத்துக்கு முதுகெலும்பு தந்தவை எண்கள்.

எண்ணுகிறவன் சாதியை எப்படி அறிவான் என்று கேட்போர், திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை நினைவுகூர்க. 2022 டிசம்பரில் அவ்வூர்ச் சேரிக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரைப் பாருங்கள் என்றார் மருத்துவர். ஏறிப் பார்த்தால், மேனிலைத் தொட்டியில் மனிதக் கழிவு! கலந்தவர் யார் என்பது வழக்கின் பொருள். அதில் நாம் தீர்ப்புரைக்கவில்லை. நம் கேள்வி, அந்த நாளுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டிய கேள்வி: சேரிக்கென்று தனித் தொட்டி எதற்கு? விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் முன், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. ஆய்வுக் கூடம் நீரைச் சோதித்து நுண்ணுயிரின் பெயரைச் சொல்லும். தொட்டியைப் பிரித்து வைத்ததன் பெயரை எந்தக் கூடம் சொல்லும்?

நம் அணியினர்க்கும் ஒரு சொல். தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம், நிமிர்த்தலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆயிரம் பிறப்புக்கு இந்தியா முழுவதும் 35 பச்சிளங்குழந்தைகள் இறக்க, இங்கு 19க்குள் நிற்கிறது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 1989இல் முட்டை, 2022இல் காலை உணவு என்று மருந்துக் கடையில் கிடைக்காத மருந்துகளை இந்த மாநிலம் ஊட்டியிருக்கிறது. (முதல் பாடவேளையில் மயங்கி விழும் பிள்ளையைத் தாங்கிப் பிடித்த ஆசிரியர்க்கே காலை உணவின் அருமை தெரியும்.) ஆனால் அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினர்க்கு இரத்தச் சோகை! குழம்பில் மிஞ்சியதைக் கடைசியாக உண்பவள் அவள் என்பதற்கு எந்தத் திட்டம் போட்டோம்? இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம்; பந்தியின் வரிசையை மாற்றவில்லை.

மாவட்டத்துக்குத் திரும்புவோம். சுண்ணாம்புக்கல் இந்த மண்ணின் செல்வம். சிமெண்டு ஆலைகள் அதைத் தோண்டி எடுக்கின்றன. லாரிகள் அதைச் சுமந்து நம் சாலைகளில் ஓடுகின்றன. புழுதி நம் வீட்டுக் கூரையில் படிகிறது. அந்தப் புழுதி மூச்சுப்பையில் என்ன செய்கிறது என்று மருத்துவர் சொல்வார். ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள மருத்துவச் சோதனை ஒப்பந்தக் கூலிக்கு உண்டா? வேலையை விட்டு நீங்கியபின் இருமுகிறவன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் இன்று எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது? லாரிச் சாலையோரம் குடியிருப்பவர் எந்தச் சாதியார், என்ன கூலியார்? இவற்றை வீடு வீடாய்ச் சென்று கேட்கக் கற்றவர் வேண்டும். கேட்டதை, மறுக்க முடியாத அட்டவணையாக்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஆனால் இப்படிப்புக்கு நூலெல்லாம் ஆங்கிலம். பயின்றவர் பலர் தலைநகர் அலுவலகங்களில் மறைந்துவிடுகின்றனர். ஊரைப் பற்றி எழுதிய ஆய்வேடு ஊருக்குத் தெரியாத மொழியில் அலமாரியில் உறங்குகிறது. ஆகவே அரசை நோக்கி நாம் கேட்பது இது: அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மக்கள் நலவாழ்வு முதுநிலைப் படிப்பு தொடங்குக. கலைப் பட்டதாரிகளுக்கு அதில் பாதி இடம் ஒதுக்குக. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவர்க்குக் கட்டணம் கூடாது. நுழைவுத் தேர்வென்று இன்னொரு சுவர் எழுப்பக் கூடாது. ஆய்வேட்டைத் தமிழில் எழுத உரிமை வேண்டும். எழுதிய ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன், செந்துறையிலோ ஆண்டிமடத்திலோ, எந்த ஊரில் கேட்டு எழுதப்பட்டதோ அந்த ஊர்க் கிராம சபையில் முதலில் படித்துக் காட்டப்பட வேண்டும். கேட்டிருந்த பெண்கள் "இது தவறு" என்று கையுயர்த்தினால், திருத்தி எழுதிய பின்னரே பட்டம்.