தோட்டா மாறினால் துப்பாக்கியும் மாறும்

1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருந்த கோல்ட் தொழிற்சாலையில் எம்-16 துப்பாக்கிகள் ஒரு வகை வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களால் சோதிக்கப்பட்டன. தேறியவை பெட்டியில் அடைக்கப்பட்டு வியட்நாமுக்குக் கப்பலேறின. அங்கே சிப்பாய்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ வேறு வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்கள். புதிய மருந்தில் துப்பாக்கி வரையறுத்த வேகத்தை மீறி ஓடுகிறது, அதை வைத்துச் சோதித்தால் தேறும் என்று உறுதி சொல்ல முடியாது என்று தொழிற்சாலை சொன்னது. ராணுவ அதிகாரிகள் அதற்குக் கண்ட வழி, சோதனைக்குப் பழைய மருந்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதி. போர்க்களத்துக்குப் போகும் தோட்டாவை அவர்கள் மாற்றவில்லை.

இந்தக் கொடுமையின் ஆழம் புரிய, தானாக மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். குதிரையை இழுத்ததும் மருந்து எரிந்து, பெரும் அழுத்தத்தில் வாயுவாகிக் குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. குழலின் நடுவழியில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அதைக் கடந்ததும் வாயுவில் ஒரு பங்கு துளை வழியே பிரிந்து பின்னோக்கி வந்து, தோட்டாவை அடைத்துப் பூட்டியிருக்கும் போல்ட்டைத் திறக்கிறது. காலிக் கூடு வெளியே எறியப்படுகிறது. ஸ்பிரிங் போல்ட்டை மீண்டும் முன்னே தள்ள, மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா ஏறுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். துளைக்கு மேல் குழலைக் கவ்வியபடி உட்கார்ந்து வாயுவை வாங்கித் திருப்பிவிடும் சிறு உலோகத் துண்டுக்குத்தான் கேஸ் பிளாக் என்று பெயர்.

வாயு குறைந்தால் போல்ட் பாதி வழியிலேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா ஏறாது. மிகுந்தால் வரும் கேடு இன்னும் மோசம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, அழுத்தத்தால் விரிந்து அறையின் சுவரை இறுகப் பிடித்திருக்கும் அந்த நொடியிலேயே போல்ட் அதைப் பிடுங்கப் பார்க்கும். கூட்டின் விளிம்பு கிழிந்துபோகும், கூடு உள்ளேயே தங்கிவிடும். அதன் பிறகு குழல் வாய் வழியாகத் துப்புரவுக் கம்பியை விட்டுக் குத்தித்தான் அதை வெளியே தள்ள வேண்டும்.

வியட்நாமில் நடந்தது இதுதான். யூஜீன் ஸ்டோனர் இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தபோது மனத்தில் வைத்திருந்தது டூபாண்ட் நிறுவனத்தின் குச்சி வடிவ மருந்து. குண்டு நொடிக்கு 3,250 அடி வேகத்தில் பறக்க வேண்டும் என்று ராணுவம் வைத்த நிபந்தனையை, அழுத்த வரம்புக்குள் நின்று அந்த மருந்தால் நிறைவேற்ற முடியவில்லை. 1964-இல் உருண்டை மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அது எரியும் விதம் வேறு. துளையை எட்டும்போது அழுத்தம் கூடுதலாக இருந்தது. நிமிடத்துக்கு 850 என்று வகுத்திருந்த சுடும் வேகம் 1,000-ஐத் தொட்டது. அந்த மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட், வாயுக் குழாயிலும் போல்ட்டிலும் கசடாகப் படிந்தது. தோட்டா உட்காரும் அறைக்கு குரோமியப் பூச்சும் இல்லை; வியட்நாமின் ஈரத்தில் அது துருப்பிடித்தது. இதற்கெல்லாம் மேலே, அடிக்கடி துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சோடு அது வந்திறங்கியதால், துப்புரவுக் கருவிகளும் போதுமான அளவில் போகவில்லை. ஒரு குழுவுக்கே ஒரு கம்பி என்ற நிலை பல இடங்களில் இருந்தது. அந்தக் கம்பியைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் நடந்தார்கள். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, அடைத்துக்கொண்ட துப்பாக்கியை நிமிர்த்திக் குழலுக்குள் கம்பியை இறக்க வேண்டிய கதி.

1967-இல் கே சான் பகுதிக் குன்றுகளில் நடந்த சண்டைக்குப் பின், துப்பாக்கியைப் பிரித்துப் போட்டபடி செத்துக் கிடந்த தோழர்களைப் பற்றிக் கடற்படைக் காலாட்படை வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அவை செய்தித்தாள்களை எட்டின, நாடாளுமன்றத்தை உலுக்கின. ரிச்சர்ட் இக்கார்டு தலைமையிலான துணைக்குழு அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. தோட்டாவில் இருந்த குறை தெரிந்தும் திருத்தாமல் விட்டது, குற்றமாகக் கருதத்தக்க அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று அந்தக் குழு சொல்லியது. 1981-இல் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் ‘அட்லாண்டிக்’ இதழில் இந்தக் கதையை அதிகார வர்க்கத்தின் கோரக் கதையாக எழுதினார். அந்தச் சொல் மிகையில்லை.

இன்றைய அமெரிக்காவில், எம்-16 பிறந்த அதே ஏஆர்-15 வகையின் அரைத் தானியங்கித் துப்பாக்கியைச் சட்டப்படி உதிரிபாகம் வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்பவர்கள் ஏராளம். இலக்குச் சுடும் போட்டிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் அவர்களில் உண்டு. கேஸ் பிளாக்கில் ஒரு திருகு வைத்து, வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது அவர்களிடையே பெரிய விவாதம். அனுபவமுள்ள துப்பாக்கிக் கொல்லர் முதலில் கேட்பது எந்த நிறுவனத்தின் பிளாக் என்பதையல்ல. எந்தத் தோட்டா? குழல் எத்தனை அங்குலம்? துளை எவ்வளவு தள்ளி இருக்கிறது? முனையில் சைலன்சர் மாட்டப்போகிறீர்களா? பொழுதுபோக்காகச் சுடும் ஒருவருக்காக ஒரு சிறு பட்டறையில் கேட்கப்படும் இந்தக் கேள்விகளை, லட்சக்கணக்கான சிப்பாய்களின் உயிரைக் கையில் வைத்திருந்த ஒரு துறை கேட்கவில்லை. கேட்டவர்களின் பதிலையும் ஒதுக்கியது.

கேள்விகளின் கனத்தை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். 20 அங்குலக் குழல் கொண்ட எம்-16-இல் துளை சுமார் 13 அங்குலத்தில் இருக்கிறது. அதே குடும்பத்தின் குட்டைத் துப்பாக்கியான எம்-4-இன் குழல் 14.5 அங்குலம்; துளை சுமார் 8 அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. மருந்து இன்னும் மூர்க்கமாக எரியும் இடம் அது. அங்கே பிரியும் வாயுவின் அழுத்தம் நீளத் துப்பாக்கியைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. குழலைக் குறைத்தால் எடை மட்டும்தான் குறையும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிபடுவதில்லை.

அப்படியானால் திருகு வைத்த பிளாக் இருந்திருந்தால் வியட்நாமில் அந்த உயிர்கள் பிழைத்திருக்குமா? ஓரளவுக்குத்தான். சுடும் வேகத்தை அது அடக்கியிருக்கும். அறையில் ஏறிய துருவை எந்தத் திருகும் நீக்காது. கசடு திருகையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னர் பலன் தந்தவை வேறு: போல்ட்டின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் கனமான பஃபர், குரோமியப் பூச்சு, கால்சியம் கார்பனேட்டைக் குறைத்த மருந்து, எல்லோருக்கும் துப்புரவுக் கருவி, கூடவே வில் ஐஸ்னர் வரைந்த சித்திரக்கதைக் கையேடு. வாயுவைச் சரிசெய்யும் பாகத்தைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களை நம்பக் கூடாது.

ஆனால் அந்தப் பாகத்தை அறிவோடு கையாண்ட படைகளும் உண்டு. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் வடிவமைத்த ஃபால் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இஷாப்பூர் ஆலையில் உருவாகி, எஸ்எல்ஆர் என்ற பெயரில் ராணுவத்திலும் பல மாநிலக் காவல் படைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது அதன் உறவுதான். அதன் குழல் மேல், எண்கள் பொறித்த ஒரு வளையம் உண்டு. மிகுதி வாயுவை அது காற்றில் விட்டுவிடும். அதைச் சரிசெய்யும் முறை அழகானது. முதலில் வளையத்தை நன்றாகத் திறந்துவைப்பார்கள்; வாயு பெரும்பாலும் வெளியேறிவிட, துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றத் தவறும். ஒரு படி மூடிச் சுடுவார்கள், இன்னொரு படி மூடிச் சுடுவார்கள். தவறாமல் ஓடும் இடம் வந்ததும் நிறுத்திவிட மாட்டார்கள். அதற்கு மேலும் இரண்டு படி மூடுவார்கள். அந்த இரண்டு படி சேற்றுக்கும் குளிருக்கும் தூசிக்கும் விட்டுவைக்கும் இடம். கையடக்கமான, சாதாரணச் சிப்பாய்க்கும் புரியும் ஞானம் அது.

சோவியத் ஒன்றியத்தின் டோக்கரேவ் எஸ்விடி-40-இலும் ஐந்து நிலைகள் கொண்ட வாயுச் சீராக்கி இருந்தது. அதைத் திருப்பத் தனிச் சாவி வேண்டும். அவசரமாகப் படைக்குச் சேர்த்து, அரைகுறைப் பயிற்சியோடு முன்னணிக்கு அனுப்பிய இளைஞர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். பின்னால் வந்த கலாஷ்னிகோவ் எதையும் திருப்பச் சொல்லவில்லை. தேவைக்கு மேலேயே வாயுவை அள்ளிக் கொடுத்தது. துப்பாக்கி துள்ளும், பாகங்கள் சீக்கிரம் தேயும். மண்ணிலும் குளிரிலும் நிற்காமல் ஓடும்.

இதிலிருந்து ஒரு தெளிவான கருத்துக்கு வரலாம். போட்டிக்குச் சுடுபவர், ஒரே தோட்டாவை ஒரே திடலில் மாதக்கணக்கில் சுடுகிறவர், நுணுக்கமான திருகு வைத்துக்கொள்ளட்டும். அதிர்வு குறைந்து குறி நிலைக்கும். அவரும் ‘இப்போதுதான் ஓடுகிறது’ என்ற விளிம்பில் திருகை நிறுத்தக் கூடாது; கசடு ஏறிய அன்று அது கைவிடும். உயிரைக் காக்கும் ஆயுதத்தில் திருகுக்கு இடமே இல்லை. ஒன்று, தாராளமாக அளந்த நிலையான துளை. அல்லது, கையுறையோடு இருட்டிலும் தடவித் திருப்பக்கூடிய இரண்டே நிலைகள். அறுகோணச் சாவியைத் தேடச் சொல்லும் எதையும் போர்முனைக்கு அனுப்பக் கூடாது.

அந்த இரண்டு நிலைகளுக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. சைலன்சர் மாட்டினால் வாயு குழலுக்குள் அதிக நேரம் தேங்கி, பின்னோக்கி வந்து சுடுபவரின் கண்ணிலும் மூக்கிலும் அடிக்கும். அதில் கார்பன் மோனாக்சைடும் ஈயத் துகளும் கலந்திருக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் நிறுவனத் துப்பாக்கி சைலன்சரோடுதான் வருகிறது. அதன் வாயு வால்வுக்கு இரண்டு நிலை. காதைக் காக்க வந்த கருவி நுரையீரலைக் கெடுக்காமல் பார்ப்பது அந்தச் சிறு வால்வின் வேலை.

இந்தியச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி செய்யவோ பூட்டவோ முடியாது. அது அப்படியே இருக்கட்டும். நமக்கு இந்தப் பாடம் வேண்டியிருப்பது கொள்முதலில். கார்கில் போரில் இன்சாஸ் துப்பாக்கியின் மேகஸின் குளிரில் விரிசல் விட்டதையும், எண்ணெய் சுடுபவரின் கண்ணில் தெறித்ததையும் பத்திரிகைகள் எழுதின. அந்தத் துப்பாக்கியிலும் ஃபாலைப் போன்ற வாயுச் சீராக்கி இருந்தது. சீராக்கி இருப்பதால் மட்டும் குறைகள் தீர்ந்துவிடுவதில்லை.

2019-இல் இந்தியா 72,400 சிக்-716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 2024-இல் இன்னும் 73,000. அவற்றின் தோட்டா 7.62×51, எஸ்எல்ஆர் காலத்திலிருந்து நம் நாட்டில் செய்துவரும் அளவு. தோட்டா மகாராஷ்டிரத்தின் கட்கி, வரங்காவ் ஆலைகளில் தயாராகிறது. துப்பாக்கி வெளிநாட்டு வடிவம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். திருச்சி துப்பாக்கி ஆலையில் உருவான ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ போன்றவற்றுக்கும் இதே பொருத்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். சிப்பாய் சுடப்போகும் அதே உள்நாட்டுத் தோட்டாவில், உறைபனியிலும் பாலைவெயிலிலும், கழுவாமல் தொடர்ந்து சுட்ட சோதனை. மருந்தின் கலவையோ ஆலையோ மாறினால் அதே சோதனை மறுபடியும். சோதனையில் வந்த தடங்கல்களின் கணக்கு, பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் மேசைக்குப் போவது. ஹார்ட்ஃபோர்டில் அப்படி ஒரு கணக்கு கேட்கப்பட்டிருந்தால், சோதனைக்கு ஒரு மருந்து, சண்டைக்கு ஒரு மருந்து என்ற ஏற்பாட்டுக்கு ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.