ஒரு சொல் சுமக்கும் அநீதி

2019 நவம்பரில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாத மேடையில் பேசிய ஜோ பைடன், பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் கொலைக்காகச் சவூதி அரேபியாவைப் ‘பரையா’ ஆக்கப்போவதாகச் சூளுரைத்தார். 2022 ஜூலையில் அதிபராக அவர் அந்நாட்டுக்குச் சென்றபோது, ஊடகங்கள் அச்சொல்லை மீண்டும் நினைவூட்டின. வட கொரியா தொடங்கி ரஷ்யா வரை, உலகம் ஒதுக்கிவைக்கும் நாடுகளுக்கெல்லாம் ஆங்கில ஊடகங்கள் சூட்டும் பெயர் இதுதான்.

அது தமிழகத்தின் ஒரு சமூகத்தினுடைய பெயர். பறை என்பது இசைக்கருவி. ‘சொல்’, ‘அறிவி’ என்னும் பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்லுதல். புறநானூறு பறையனைச் சிறப்புக்குரிய குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பிற்காலச் சாதியம் அந்தப் பெயரை இழிவாக்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல், ‘விலக்கப்பட்டவர்’ என்ற பொதுப்பொருளை அடைந்தது.

ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் இதை வேறு விதமாகவும் கையாண்டனர். மாக்ஸ் வெபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்றார். ஹன்னா ஆரென்ட் 1944இல் அதே சொல்லைக் கொண்டு யூதரின் நிலையை ஆராய்ந்தார். அங்கே அச்சொல், அநீதிக்கு ஆளானவர்களைக் குறித்தது. இன்றைய ராஜதந்திர வழக்கிலோ அது தலைகீழாகிவிட்டது. தன் செயலுக்காக ஒதுக்கப்படும் அரசுக்கு, எக்குற்றமும் செய்யாமல் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர் சூட்டப்படுகிறது. ஒதுக்கியவர்கள் மீது சுமத்த வேண்டிய குற்றம், ஒதுக்கப்பட்டவர்கள் மீது விழுகிறது.

பெயரின் சுமையை அச்சமூகத்தின் தலைவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் தொடங்கி, இழிவைத் துணிவுடன் எதிர்கொண்டார். அயோத்திதாசரோ அப்பெயரையே மறுத்தார். எம்.சி.ராஜா உள்ளிட்டோரின் முயற்சியால், 1922இல் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. வழிகள் வேறாயினும் வேட்கை ஒன்றே: தங்களை எப்படி அழைப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை.

2025இல் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழக முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டில் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவிக்குக் கிடைத்த மதிப்பு பெயருக்கும் கிடைக்க வேண்டாமா?

வாஷிங்டனையும் லண்டனையும் திருத்துவது நம் கையில் இல்லை. ஆனால், சாதியின் கொடுமையை அறிந்த இந்திய ஆங்கில நாளேடுகள் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. ‘ஒதுக்கப்பட்ட நாடு’, ‘தனிமைப்படுத்தப்பட்ட அரசு’ என்னும் பொருள்தரும் சொற்கள் ஆங்கிலத்திலும் உண்டு. அவற்றை எழுதினால் செய்தி சிறிதும் குறைந்துவிடாது. ஓர் அவமதிப்பு மட்டும் குறையும்.